சேஃப் மோடும் முக்தியும்

மேச்சேரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கைப்பேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறவன். கடைக்கு வருகிற என் வயதுக்காரர்கள் பலர், "பிள்ளைகளைக் கரையேத்தியாச்சு, இனி எதுலயும் பட்டுக்காம ஒதுங்கிட்டாப் போதும், அதுதான் முக்தி" என்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஒதுங்கிக் கிடப்பது முக்தி ஆகுமா? இந்தக் கேள்விக்கு என் தொழிலும் பதில் சொல்கிறது, நான் படிக்கிற சாத்திரமும் பதில் சொல்கிறது.

புதன்கிழமை இங்கே ஆட்டுச் சந்தை. செம்பழுப்பு நிறமும் கொம்பில்லாத தலையுமாக நிற்கும் மேச்சேரி ஆட்டைத் தேடி வெளியூர் வியாபாரிகள் விடிவதற்குள் வந்துவிடுவார்கள். அப்படி ஒரு சந்தை நாளில் பெரியவர் ஒருவர் போனை நீட்டினார். "தம்பி, வாட்ஸப்பு ஓடலைங்க, பணம் அனுப்பறதும் ஓடலைங்க. பேரன் அனுப்புன போட்டோவெல்லாம் போயிருச்சுங்களா?" திரையின் கீழ் மூலையில் சேஃப் மோட் என்று எழுத்து தெரிந்தது. "ஒண்ணும் போகலைங்கய்யா, எல்லாம் உள்ளேயேதான் இருக்குது" என்றேன்.

நாமாக ஏற்றிய செயலிகளை நிறுத்திவைத்து, போனோடு வந்தவற்றை மட்டும் ஓடவிடுவதுதான் ஆண்ட்ராய்டில் சேஃப் மோட். போன் அடிக்கடி நின்றுபோனால், கோளாறு போனிலா, ஏற்றியதிலா என்று கண்டுபிடிக்க வைத்த ஏற்பாடு அது. அந்த நிலையில் ஒழுங்காக ஓடினால், ஏற்றியதில் ஏதோ ஒன்றில்தான் குற்றம் என்று சந்தேகப்படலாம். வெளியே வர, பெரும்பாலும் ஒருமுறை அணைத்துப் போட்டாலே போதும். அப்படியும் திரும்பத் திரும்ப அதே நிலைக்குப் போனால் ஒலி குறைக்கும் பொத்தானைப் பார்க்க வேண்டும். பல போன்களில், உயிர் வருகிற நேரத்தில் அந்தப் பொத்தான் அழுந்தியிருந்தால் போன் நேராக சேஃப் மோடுக்குப் போய்விடும்.

பெரியவரின் போனில் உறையைக் கழற்றினேன். பொத்தானைச் சுற்றிலும் சந்தைப் புழுதி வியர்வையோடு சேர்ந்து இறுகி, பொத்தானை மேலே வரவிடாமல் பிடித்திருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் ஓரமெல்லாம் தேய்த்தேன். அழுக்கு கரைந்து பொத்தான் எழும்பியது. அணைத்துப் போட்டதும் பழைய திரை வந்தது, வாட்ஸப்பைத் திறந்தால் பேரனும் வந்தான்.

இனி சாத்திரம் சொல்லும் பதில். சித்தாந்தம் ஆன்மாவுக்கு மூன்று நிலைகளைச் சொல்கிறது: கேவலம், சகலம், சுத்தம். கேவலத்தில் ஆன்மா உடம்போ கருவியோ இல்லாமல் ஆணவ இருளில் அமிழ்ந்து கிடக்கிறது. அங்கே துன்பத்தை நுகர்வதில்லை, தவறு செய்வதில்லை. அறிவும் செயலும் இல்லை. சிவன் அதன் மேல் இரங்கி, மாயையிலிருந்து தனு (உடம்பு), கரணம் (கருவி), புவனம் (உலகம்), போகம் (நுகர்பொருள்) நான்கையும் ஆக்கிக் கொடுக்கிறான். அதுதான் சகல நிலை. மாயை விடியும்வரை கையில் கொடுத்த விளக்கு என்பது சித்தாந்திகளின் பேச்சு. நோவில்லாமல் கிடந்த உயிரை, அழவும் தவறவும் இடமுள்ள உலகத்துக்கு அனுப்பியதை நம் ஆசிரியர்கள் அருள் என்றே எழுதிவைத்தார்கள். இதைப் படித்த பிறகு, பட்டுக்கொள்ளாமல் கிடப்பதை முக்தி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அதற்காக விலகி இருக்கவே கூடாது என்பதில்லை. மாசியில் எங்கள் பத்ரகாளியம்மனுக்குத் தேர்த் திருவிழா. இந்தப் பக்கத்து அம்மன் நோன்புகளில் காப்புக் கட்டியவர் கறி தொடமாட்டார், வெளியூரில் இராத் தங்கமாட்டார். சபரிமலைக்கு மாலை போட்டவருக்கு 41 நாள் விரதம். ஆனால் காப்பை அவிழ்க்க ஒரு நாள் உண்டு, மாலையைக் கழற்றவும் ஒரு நாள் உண்டு. அந்த இடைவெளியில்தான் நம்மை ஆட்டிவைப்பது குடியா, கோபமா, கடன் வாங்கும் பழக்கமா என்று தெரியவரும். தெரிந்துகொண்டு, அந்த ஒன்றை விடவேண்டும்.

போனிலும் அப்படித்தான் செய்கிறோம். கடைசியாக ஏற்றிய செயலியில் தொடங்கி ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்போம். பயந்துபோனவர்கள் வந்ததுமே, "எல்லாத்தையும் அழிச்சு விட்டுருங்க" என்பார்கள். நான் எடுத்த எடுப்பில் அதைச் செய்வதில்லை. ஃபேக்டரி ரீசெட் வேறு வழியே இல்லாதபோது செய்வது. வீட்டையும் உறவையும் உதறினால்தான் நிம்மதி என்பவர்களிடமும் அதையேதான் சொல்கிறேன்: அழுக்கு எங்கே இறுகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

துறந்தவர்கள் இல்லையா என்று கேட்பார்கள். அப்பர் சுவாமிகளைவிடத் துறந்தவர் யார்? அவர் கையில் கோயில் புல்லைச் செதுக்கும் உழவாரப்படை இருந்தது. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, ஞானசம்பந்தரோடு இறைவனிடம் படிக்காசு பெற்று அடியார்களுக்குச் சோறிட்டார் என்கிறது பெரியபுராணம். ஆசையை விட்டவர், ஊரை விடவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். போனின் பொத்தானை நான் துடைத்துவிடலாம். உயிர் தன் ஆணவ மலத்தைத் தானே துடைத்துக்கொள்ளாது, அதற்குக் குருவும் அருளும் வேண்டும். அந்த அருளால் சுத்த நிலைக்கு வந்த பிறகு உயிர் எங்கே போகிறது? 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தில் 12 நூற்பாக்கள். மலம் கழுவப்பெற்றவன் என்ன செய்வான் என்பதைக் கடைசி நூற்பா சொல்கிறது: அன்பர்களோடு கூடியிருப்பான், அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் சிவன் என்றே தொழுவான். ஞானத்தின் முடிவில் மெய்கண்டார் நமக்குக் காட்டுவது குகையை அல்ல, அடியார் கூட்டத்தை.

ஆகவே விரதம் இருங்கள், சில நாள் போனையும் பேச்சையும் அடக்கி வையுங்கள். குற்றம் எதுவென்று தெரிந்ததும் காப்பை அவிழ்த்துவிட்டு ஊருக்குள் வாருங்கள். இங்கே உங்களுக்கு வேலை இருக்கிறது.