தன் கையே தனக்கு உதவியா?

தன் தேவைகளைத் தானே நிறைவு செய்துகொள்பவன் யாருக்கும் கடன்பட்டவன் அல்லன் என்று எண்ணுவோர் உண்டு. அது மெய்தானா?

1910-இல் தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து சுமார் 21 மைல் தொலைவில், காந்தியடிகள் டால்ஸ்டாய் பண்ணையைத் தொடங்கினார். சிறை சென்ற சத்தியாகிரகிகளின் குடும்பங்களைத் தனித்தனியே பேணப் பணம் போதவில்லை. அவர்கள் பசித்தால் போராட்டமே தளர்ந்துவிடும். ஆகவே ஓரிடத்தில் கூடி வாழ்ந்து உழைப்பதென்று முடிவாயிற்று. வந்தவர்களுள் தமிழர் பலர்.

பண்ணையில் வேலையாள் கிடையாது. சுமார் 500 கஜம் அப்பாலிருந்த ஊற்றிலிருந்து காவடியில் நீர் சுமந்தனர். கோதுமையைக் கையால் அரைத்து, சலிக்காத மாவில் ரொட்டி சுட்டனர். நிலக்கடலையை வறுத்து அரைத்து வெண்ணெய்போல் பயன்படுத்தினர். தச்சு பயின்றனர். கழிவுகளைக் குழியிலிட்டு மண்ணால் மூடினர். வழிவழியாகப் பிறர் தலையில் சுமத்தப்பட்ட அப்பணியே, மற்றெல்லாத் தொழில்களையும்விடக் கற்கக் கடினமானதாய் இருந்திருக்கும்.

ஆயினும், அந்த 1,100 ஏக்கர் நிலம் நண்பர் காலன்பாக் வாடகையின்றி அளித்தது. செருப்புத் தைக்கும் தொழிலை அவர் மரியான்ஹில் கிறிஸ்தவத் துறவியர் மடத்தில் கற்றுவந்து காந்தியடிகளுக்குக் கற்பித்தார். அவர் இளைஞர்களுக்குக் கற்பித்தார். ஆக, அங்கே பணத்தால் தீரும் கடன்தான் குறைந்தது. கற்றுத்தந்தவருக்குப் பட்ட கடனோ, அடுத்தவருக்குக் கற்றுத்தருவதால் கழிந்தது. பண்ணையில் ஏறத்தாழ 1,000 பழமரங்களும் இருந்தன. ஆரஞ்சும் பிளமும் பருவத்தில் உண்டு மிஞ்சுமளவு காய்த்தன. அவற்றை நட்டவர்கள் இவர்கள் அல்லர்.