கொள்ளைக் காய்ச்சலும் மூன்று அளவைகளும்

ஒரு மருந்து நோயைத் தீர்க்கும் என்பதை எதைக்கொண்டு அறிவது? எதையும் எதைக்கொண்டு அறிவது என்பது சமயவாதிகளும் வாதிட்ட கேள்வி. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் என்னும் சைவ சித்தாந்த நூலில் பல அளவைகளை (அறியும் வழிகளை) எண்ணி, காண்டல் (நேரில் காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நூலின் சொல்) என மூன்றில் அடக்கினார். மணிமேகலை எடுத்துரைக்கும் பௌத்தமோ முதல் இரண்டை மட்டுமே ஏற்றது. கொள்ளைக் காய்ச்சலுக்குச் சொல்லப்படும் மருந்துகளை வகைப்படுத்த இம்மூன்றைவிட நல்ல பகுப்பு கிடைப்பது அரிது.

2020இல் கொரோனா பரவியபோது தமிழகமெங்கும் கபசுரக் குடிநீர் வழங்கப்பட்டது. சுக்கு, திப்பிலி, ஆடாதோடை, நிலவேம்பு, சீந்தில் உள்ளிட்ட 15 சரக்குகள் சேர்ந்த கஷாயம் அது. பன்றிக்காய்ச்சலுக்கும் சித்த மருத்துவர்கள் அதைப் பரிந்துரைத்ததுண்டு. கபசுரம் என்னும் காய்ச்சலுக்கு அது மருந்து என்பது சித்த மருத்துவ நூலின் உரை. அந்தக் கபசுரமும் இன்றைய வைரஸ் காய்ச்சலும் ஒன்றே என்பது நூல் சொன்னதன்று. குறிகளை ஒப்பிட்டு இன்றையவர் செய்த கருதல். நூலுக்குத் தரும் மதிப்பை இந்தக் கருதலுக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுவதில்தான் பிழை நுழைகிறது.

காண்டல், ஐயமும் திரிபும் நீங்கியதாக இருக்க வேண்டும். ஃபுளூ காய்ச்சல் பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் தானே தணியும். எதைக் குடித்தவரும் குணமானதாகவே காண்பார். அறிஞர்களும் இதற்கு விலக்கல்லர். 1918இல் ஃபுளூ கொள்ளைநோயால் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, நோயாளிகளின் சளியில் கண்ட பாக்டீரியாவே காரணம் என்று பலர் நம்பினர். மனிதரிடமிருந்து இன்ஃபுளுயன்சா வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது 1933இல்தான். மருந்து பெற்றோரையும் பெறாதோரையும் ஒப்பிடும் சோதனை இத்திரிபை நீக்கவே வந்தது.

நவீன மருந்துக்கும் நம்பி ஏற்கும் உரை உண்டு. ஃபுளூ மருந்தான ஓசெல்டாமிவிரை (டாமிஃபுளூ) அரசுகள் பெருமளவில் வாங்கிக் குவித்தபோது சோதனை விவரங்களில் பல வெளியாகவில்லை. அவற்றைப் பெற்று ஆராய்ந்த, மருத்துவச் சான்றுகளை மதிப்பிடும் காக்ரேன் குழு 2014இல் அறிவித்தது: பெரியவர்களுக்கு அறிகுறிகள் நீடிக்கும் காலம் 7 நாளிலிருந்து 6.3 நாளாகக் குறைகிறது. இம்மருந்துக்கான மூலப்பொருள் அன்னாசிப்பூவிலிருந்து எடுக்கப்பட்டதால், அன்னாசிப்பூவே மருந்து என்ற பேச்சும் கிளம்பியது. பல படிகளில் வேதிமாற்றம் செய்த பிறகே அம்மூலப்பொருள் மருந்தாகிறது. கஷாயத்தில் அந்த மாற்றம் நிகழாது.

தேனி மாவட்டத்தின் பொட்டிபுரம், போடி பக்கத்திலிருந்து ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்தில் கூலிக்கு உழைப்பவருக்கு ஒரு நாள் படுக்கையும் வருமான இழப்பு. தவறான தகவலின் விலையை அவரே கொடுக்கிறார். அதனால் அவருக்கான மருந்துப் பட்டியலில் ஒவ்வொன்றின் எதிரிலும் அது நூல் சொன்னதா, ஊகித்ததா, சோதித்துக் கண்டதா என்று எழுதியிருக்க வேண்டும். அதை மறைப்பது, நல்லெண்ணத்தால் செய்தாலும், பொய்யே. மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ கண்டால் எந்தக் கஷாயத்தையும் நம்பிக் காத்திராமல் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பது அப்பட்டியலின் முதல் வரியாக இருக்கட்டும்.