சுவேதவனப்பெருமாள் என்னுந் திருநாமம்

ஆண்மகவு பெற்றார் பலர் இந்நாளில், பிறர் எவரும் இடாத பெயரொன்றைத் தம் மகவுக்கு இடல் வேண்டும் என்னும் வேட்கையுடையராய், ஏடுகளைப் புரட்டியும் எண்கணிதம் வல்லாரை வினவியும் உழல்கின்றனர். பெயர் அரியதாதல் வேண்டும் என்னும் விருப்பம் இகழற்பாலதன்று. ஆயினும் அருமையாவது எண்ணிற் குறைவோ, பெறுதற்கருமையோ என்பது ஆராயற்பாலது. எண்ணாற் குறைந்து, பெறுதற்கும் அரியதாய், நம் சந்தானத்திற்கே வித்தாய் நின்ற பெயரொன்று உண்டு. சிவஞானபோதம் அருளிய மெய்கண்டதேவ நாயனாருக்குப் பெற்றோர் இட்ட சுவேதவனப்பெருமாள் என்னும் பிள்ளைத்திருநாமமே அது. நாயனார்தம் அருட்பெயரை நாடோறும் ஓதும் நம்மவருள்ளும் இப்பெயரை நினைவார் சிலரே.

சுவேதம் வெண்மை, வனம் காடு. சுவேதவனம் என்பது சோழநாட்டுக் காவிரி வடகரைத் தலமாகிய திருவெண்காட்டிற்கு வடமொழிப் பெயர். இந்திரனது வெள்ளானை அங்குத் தவஞ்செய்தமையை ஆளுடைய பிள்ளையார் தம் திருப்பதிகத்துட் குறித்தருளினர். சுவேதவனப்பெருமாள் என்பான் அத்தலத்து எழுந்தருளிய இறைவன். அங்கு அம்மையின் திருநாமம் பிரமவித்தை என்பது. பிற்காலத்து ஞானநூல் செய்யப் பிறந்த மகவு, பிரமவித்தையின் சந்நிதியில் வேண்டிப் பெறப்பட்டது என்பதை உன்னுந்தோறும் எம் உள்ளம் உருகும்.

இனி அப்பெயர் வந்த வரலாறு. திருப்பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் மகப்பேறின்றி வருந்தித் தம் குலகுருவாகிய சகலாகம பண்டிதரை அடைந்தனர். அவர் தேவாரத் திருமுறைக்குப் பூசனை புரிந்து கயிறு சாத்திப் பார்த்தபோது, வெண்காட்டு முக்குள நீர் தோய்ந்தார்க்கு மகப்பேறும் வேண்டிய பிறவும் கைகூடும் என அருளும் பிள்ளையார் திருப்பாட்டு எதிர்ப்பட்டது. களப்பாளர் மனைவியாரோடு வெண்காடு சென்று, மூன்று குளத்தும் படிந்து, நாடோறும் வழிபட்டு வைகினர். ஒருநாள் இறைவன் கனவிற் றோன்றி, இப்பிறப்பில் உனக்கு மகப்பேறு இல்லை என்றருளினான். களப்பாளர் கலங்கிற்றிலர். அடியேன் பிள்ளையார் திருவாக்கை நம்பி வந்தேன். இப்பிறப்பில் இல்லையாயின் வரும் பிறப்பிலேனும் ஆகுக என்னுங் கருத்தினராய் விடைபகர்ந்தனர். அவ்வுறுதிக்கு உவந்து இறைவன் மகப்பேறு அருளினான் என்பது வரலாறு.

ஈண்டு ஐயமொன்று நிகழும். வினைக்கீடாகவே இறைவன் பயனைக் கூட்டுவான் என்பதன்றோ சித்தாந்தம்? இல்லை என்ற வினையை மாற்றி மகவு தந்தது அத்துணிபொடு மாறுகொள்ளாதோ எனின், கொள்ளாது. களப்பாளர் தம் நோன்பைக் காட்டித் தமக்குரியது தருக எனக் கேட்டாரல்லர். கேட்டிருப்பரேல் வினைக்கணக்கே விடையாயிருக்கும். அவர் தம்மை முற்றும் விடுத்துக் குருவாக்கின் மேல் நின்றனர். நின்றபின் கணக்கு அவருடையதன்று; வாக்கருளியவருக்கும் அவ்வாக்கைத் தந்த சிவத்துக்கும் உரியதாயிற்று. வினையை ஊட்டுவோனும் அறுப்போனும் ஒருவனே ஆதலின், ஊட்டும் முறையால் இல்லையென்றவன் அறுக்கும் முறையால் உண்டென்றான் என்க. ஆகவே பிறந்த மகவைத் தம்முடையதென்று சொல்லும் உரிமை களப்பாளருக்கு இல்லாதொழிந்தது. கொடுத்தவன் பெயரையே கொடுக்கப்பட்ட பொருளின் மேல் எழுதிவைத்தனர். சுவேதவனப்பெருமாள் என்பது செல்வமாக அழைக்கும் பெயரன்று. உடையவன் இட்ட இலச்சினை.

அப்பிள்ளை தாய்மாமனது ஊராகிய திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்தனர். திருக்கைலையினின்றும் பொதியின்மலைக்கு எழுந்தருளிய பரஞ்சோதி முனிவர் மழலைப் பருவத்தே அவரைக் கண்டு, மெய்ப்பொருளை உபதேசித்து, மெய்கண்டார் எனப் பெயர் தந்தருளினர். மெய்யைக் கண்டார் என விரியும் இப்பெயரில், கண்டார் என்னுஞ் சொல்லை எளிதாகக் கடந்துசெல்லலாகாது. கண் தானே காணாது. உயிர் நின்று காட்டியும் கண்டும் வரக் காணும். அங்ஙனமே உயிரும் தானே காணாது. இறைவன் காட்டியும் உடன்கண்டும் வரக் காணும். இது பதினோராஞ் சூத்திரத்து உவமை. அதனோடு வைத்து நோக்கின், மெய்கண்டார் என்பது மெய் காட்டப்பெற்றார் என்றே பொருள்படும். தற்பெருமை அணுவளவும் நுழையாத பெயர் அது.

இப்பெயர் எங்கிருந்து வந்தது? நந்தியெம்பெருமான், சனற்குமாரர், சத்தியஞான தரிசனிகள், பரஞ்சோதியார் என்பது அகச்சந்தான மரபு. சத்தியஞான தரிசனி என்னும் வடசொற்றொடரைத் தமிழாற் கூறின் மெய்கண்டார் என்றாகும். பரஞ்சோதியார் தம் ஆசிரியர் பெயரையே தம் மாணாக்கருக்கு இட்டனர் என்று பெரியோர் கூறுப. (சிவஞானபோதம் மொழிபெயர்ப்போ முதனூலோ என்னும் வழக்கை இதுகொண்டு எழுப்ப வேண்டா. அதற்கு வேறிடம் உண்டு.) தமிழில் மகனது மகனைப் பெயரன் என்கின்றோம். சங்கச் செய்யுட்களிலேயே பயின்ற சொல் இது. பாட்டன் பெயரைத் தாங்குதலின் பெயரன். இக்குடிவழக்கை முனிவர் குருமரபில் வைத்தனர். ஆசிரியரின் ஆசிரியர் பாட்டனாராதலின், மாணாக்கர் பெயரனார் ஆயினர்.

அவ்வூரின் பழைய செய்தியொன்றும் ஈண்டு நினைத்தற்குரியது. நம்பியாரூரரை மணப்பந்தரிற் றடுத்து இறைவன் வழக்குரைத்ததும் திருவெண்ணெய்நல்லூரிலேயாம். அன்று அவை முன்னர் நீட்டப்பட்ட ஆவணவோலை நம்பிகள் எழுதியதன்று. அவருடைய பாட்டனார் எழுதித் தந்தது. அப்பாட்டனார் பெயரும் ஆரூரர். தாமும் தம் வழித்தோன்றல்களும் வெண்ணெய்நல்லூர்ப் பித்தனுக்கு அடிமை என்பது அதன் வாசகம். நம்பிகள் பாட்டனாரிடம் பெற்றது பெயர் மட்டுமோ? பெயரோடு அடிமையும் வந்தது. வன்மை பேசியமையால் வன்றொண்டன் என்னும் பெயரையும் அங்கே பெற்றனர். பெயர் வழியே ஆட்பட்டார் ஒருவரும், பெயர் வழியே ஞானமரபு பெற்றார் ஒருவரும் ஓரூரிலேயே விளங்கினமை திருவருட்செயல்.

பெயர் இடுவித்தார் பெயர் பெற்றதும் உண்டு. கயிறு சாத்தி அம்மகவின் பிறப்புக்கு வழிகாட்டிய சகலாகம பண்டிதர், பின்னர் இளம்பிள்ளை ஆசானாக அமர்ந்திருத்தலைப் பொறாராய்ச் சென்று, ஆணவத்தின் வடிவம் யாது என வினவினர். பிள்ளை வாய்திறவாது, நின்ற பண்டிதரையே விரலாற் சுட்டிற்று. பண்டிதர் அடியற்ற மரம்போல் வீழ்ந்து, அருணந்தி சிவாசாரியராக எழுந்தனர். ஆகமம் அனைத்தும் அறிந்தவர் என்னும் பட்டம் போயிற்று. அருள் என்னுஞ் சொல் பெயரின் முன் வந்தது.

காலத்தைக் கூறின், இம்மரபில் நான்காமவராகிய உமாபதி சிவாசாரியரது சங்கற்பநிராகரணம் சகம் 1235, அஃதாவது கி. பி. 1313-இற்கு உரியது. ஆதலின் நாயனாரை அதற்கு முந்திய நூற்றாண்டின் முற்பகுதிக்கு முன்பின்னாகக் கொள்வர். ஏறத்தாழ எண்ணூறாண்டு கழிந்தும், மெய்கண்டான் என்னும் பெயர் சைவக்குடிகளில் அங்கொன்று இங்கொன்றாகக் கேட்கப்படுகின்றது. சுவேதவனப்பெருமாள் என்பதோ ஏட்டளவாயே நிற்கின்றது. பெருமாள் என்பது திருமாலுக்கே உரியதென்று இந்நாளிற் கருதுவது அதற்கு ஒரு காரணம். அஃது உண்மையன்று. கழறிற்றறிவார் சேரமான் பெருமாள் நாயனார். அருணகிரிநாதர் திருப்புகழ்தோறும் முருகனைப் பெருமாளே என்று விளித்து முடித்தனர். பெருமான் என்பதனோடு உடன்பிறந்த சொல் அது. திருமடங்களில் அம்பலவாணர், சுப்பிரமணியர் என்னுந் திருநாமங்கள் தேசிக மூர்த்திகள்பால் மீட்டும் மீட்டும் வருதலைக் காண்கின்றோம். அங்கே புதுமை நாடுவாரில்லை. மரபு நாடுதலே உளது. இல்லறத்தார்க்கும் அது பொருந்தும்.

நீண்ட பெயராயிற்றே, பள்ளியிற் பிள்ளைகள் சிதைத்தழைப்பரே என்று அஞ்சுவார் உளர். அவ்வச்சம் வேண்டுவதில்லை. சிவஞானபோதச் சிறப்புப்பாயிரம் நாயனாருடைய இரு பெயர்களையும் ஒருங்கே வைத்துக் கூறுமிடத்து, முன்னதைச் சுவேதவனன் என்று சுருக்கியே கூறுகின்றது. தமிழாகவே வேண்டுவார் வெண்காடன் எனலாம். அதுவும் மிகையெனின், பாட்டனார் பெயர் யாதென்று முதலில் வினவுக.