கூண்டு திறந்த பின்

மணப்பந்தலை நோக்கிச் சென்ற ஸ்ரீ நேமிநாதர், விருந்துக்கென அடைக்கப்பட்ட விலங்குகளின் ஓலம் கேட்டு, அவற்றை விடுவித்துத் துறவு பூண்ட வரலாற்றை நம் இல்லங்களில் அறியாதார் இலர். விடுபட்ட மான்கள் எங்கே சென்றன என்று நாம் கேட்பதில்லை. கூண்டைத் திறந்தால் போதும், காடு இருந்தது.

இன்று அப்படியன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிக் கூழைக்கடாக்களின் சிறகில் படிந்தது. அப்பறவைகளை வருத்த எவரும் எண்ணியிருக்கமாட்டார். இருப்பிடம் கெட்டது, உயிர்கள் துன்புற்றன.

அவ்வாறாயின், இருப்பிடத்தைக் காக்க மற்றோர் உயிரை வதைக்கலாமா? இவ்வினா தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டை நினைக்கும்போது எழுகிறது. அங்கே குடைவேலும் முட்புதரும் மண்டிய வறண்ட குன்றுப் பகுதி, 1987-இல் வெளிமான் சரணாலயமாயிற்று. பரப்பு சுமார் 16 சதுர கிலோமீட்டரே. வெளிமானுக்குக் கண்ணும் காலுமே அரண். தொலைவிலேயே பகையைக் கண்டு ஓட, திறந்த நிலம் வேண்டும். தென்மாவட்டங்களின் அத்தகைய நிலங்களைச் சீமைக்கருவேலம் மூடிவருகிறது. கோடியக்கரையில் வெளிமானின் புல்வெளியையே அது வெகுவாகக் கவர்ந்துகொண்டது. (அதன் காயைத் தின்று விதையைப் பரப்புவோருள் அந்த மானும் ஒன்று!) அமெரிக்கக் கண்டத்து மரம் அது, விறகுக்கென இங்கே வளர்த்தவர் மனிதரே. அதன் கரியால் பிழைக்கும் ஏழைக் குடும்பங்களும் உண்டு.

மரமும் ஓரறிவுயிர். மானுக்காக வெட்டுவதால் அது ஹிம்சை ஆகாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வினை உண்டு. ஆனால் முனிவர் ஏற்ற மகாவிரதம் வேறு, இல்லறத்தார் ஏற்ற அணுவிரதம் வேறு. இயங்குயிரைக் கருதிக் கொல்லாமை நமக்கு விதி; நிலையுயிர்களிடத்துத் தேவைக்கு மிஞ்சிய வதையை விலக்குதல் நம் கடமை. "நான் தொடமாட்டேன்" என்று ஒதுங்கி நிற்பவர், மனிதர் நட்டு வைத்த முள்ளுக்குள் மான் ஒடுங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பவரும் ஆவார். அதனை அஹிம்சை என்று நான் ஒப்பேன்.

ஆகவே, எவ்வளவு குறைந்த வதையோடு என்பதே எஞ்சும் கேள்வி. முற்றிய மரத்தை இயந்திரம் கொண்டு வேரோடு பெயர்க்கையில் மண்ணில் வாழும் எண்ணிறந்த சிற்றுயிர்கள் மடிகின்றன. அரைகுறையாக வெட்டினாலோ அடிமரம் மீண்டும் தழைத்து, மறுமுறையும் வெட்டவேண்டி வரும். மழைக்குப் பின் மண் இளகியிருக்கும் நாட்களில், நாற்றாக இருக்கும்போதே கையால் பிடுங்கிவிடலாம். ஆண்டுதோறும் ஆட்கள் போதுமானோர் வேண்டும்.