விதியும் ஆசனப் பட்டியும்



சென்ற ஆண்டு திருவிழாக் காலத்தில் ஓர் இரவு, பூசை முடிந்த பின்னர் பல்கலைக்கழக மாணவர் மூவரை எமது காரில் ஏற்றிச் சென்றோம். முன்னால் இருந்தவர் ஆசனப் பட்டியை அணிந்துகொண்டார். பின்னால் இருந்த இருவரும் அணியவில்லை. "தம்பிமார், பெல்ட்டைப் போடுங்கோ" என்றோம். "பின்னுக்குத்தானே அங்கிள் இருக்கிறம், கிட்டத்தானே போறம். வாறது வந்துதான் தீரும்" என்று ஒருவர் சிரித்தார். கோயில் வாசலில் வைத்துப் பிள்ளைகளை வற்புறுத்துவது அழகல்ல என்று எண்ணி, நாமும் பேசாமல் காரை எடுத்தோம்.

இரண்டாவது சந்தியில் ஒருவர் சிவப்பு விளக்கைக் கவனியாது குறுக்கே வந்தார். பிரேக்கை அழுத்தினோம். மோதல் ஏதும் நடக்கவில்லை. ஆனால் சிரித்த பிள்ளையின் முகம் முன்னாசனத்தில் அடிபட்டு மூக்கால் இரத்தம் வடிந்தது. அன்றிரவு எமக்கு நித்திரை வரவில்லை. இன்னும் சற்று வேகமாகப் போயிருந்தால் அந்தத் தாயாருக்கு என்ன பதில் சொல்லியிருப்போம்?

அந்தப் பிள்ளை சொன்ன நியாயங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, "பின்னுக்கு, கிட்ட" என்பது. கார் சடுதியாக நின்றாலும் உள்ளே இருப்பவரின் உடல் நிற்பதில்லை. அதே வேகத்தில் முன்னே போகும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகம் என்பது ஏறக்குறைய 10 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்து நிலத்தைத் தொடும் வேகம். ஊர்க்கணக்கில், வளர்ந்த தென்னையின் பாதி உயரம். வேகம் இரு மடங்கானால் உயரம் நான்கு மடங்காகும். கையை ஊன்றித் தப்பலாம் என்று எண்ணித் தென்னையிலிருந்து குதிப்பவர் எவருமில்லை. ஆசனப் பட்டி அந்த அடியை இடுப்பெலும்பிலும் மார்பெலும்பிலும் பகிர்ந்து தாங்குகிறது. 1997இல் பாரிஸ் நகரில் இளவரசி டயானா இறந்தபோது அவர் இருந்ததும் பின்னாசனத்தில்தான். பட்டி அணியாமையும் மரணத்துக்குக் காரணமானது என 2008இல் இலண்டனில் நடந்த மரண விசாரணையின் யூரிகள் தீர்ப்பளித்தனர்.

இரண்டாவது, "என் உயிர், என் விருப்பம்" என்பது. நாம் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் 1976 சனவரி 1 முதல் ஆசனப் பட்டி கட்டாயம். பதினாறு வயதுக்குக் குறைந்தவர் அணியாவிட்டால் குற்றம் சாரதியுடையது. பதினாறு நிரம்பியவர் அணியாவிட்டால் தண்டம் அவருக்கே. சட்டம் உங்களை வளர்ந்தவராக மதிக்கிறது. அந்த மதிப்புடன் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. மேலும், பட்டி அணியாமல் பின்னால் இருப்பவர் மோதலின்போது முன்னால் இருப்பவரின் முதுகில் பாறாங்கல்லாய் விழுகிறார். விருப்பம் ஒருவருடையது, அடி மற்றவருக்கு. அன்றிரவு முன்னாசனத்தில் இருந்தவர் அந்தப் பிள்ளையின் உயிர் நண்பர்.

கணக்கெழுதிச் சீவிப்பவர்கள் என்ற முறையில் ஒன்று சொல்வோம். உயிர் ஒருவர் பெயரில் மட்டும் திறந்த கணக்கல்ல. ஊரில் விற்ற காணியும், ஏஜென்சிக்குக் கட்டிய காசும், தாயின் இரவு வேலையும், தந்தையின் இரண்டாவது வேலையும் அதில் வரவு வைக்கப்பட்டுள்ளன. பிள்ளைகள் எமக்குக் கடன்காரர் என்று இதற்குப் பொருளல்ல. அந்தக் கணக்கை எவரும் திருப்பிக் கேட்கப் போவதில்லை. ஆனால் நட்டம் வந்தால் அதை ஒருவர் தனியே தாங்குவதில்லை என்பதை மறக்கலாகாது.

மூன்றாவது, "வாறது வந்துதான் தீரும்" என்பது. இதுவே பெரிய கேள்வி. கோயிலுக்கு வரும் நாம் விதியை இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் விதியை நம்பியவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள்? 1990களில், நாம் பள்ளிப் பிள்ளையாக இருந்தபோது, வீட்டு வளவில் பங்கர் வெட்டிப் பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டோம். விதியை எம் எல்லோரையும்விட உறுதியாக நம்பியவர் எமது அப்பாச்சி. விமானச் சத்தம் கேட்டால் தேவாரம் சொல்லிக்கொண்டே முதலில் பங்கருக்குள் இறங்குபவரும் அவர்தான். "விழுகிற குண்டு விழட்டும்" என்று அவர் ஒருநாளும் முற்றத்தில் நின்றதில்லை. திருவள்ளுவரும் ஊழ் என்று ஓர் அதிகாரம் வைத்தார், ஆள்வினையுடைமை என்றும் ஓர் அதிகாரம் வைத்தார். எம் கைக்கு எட்டியதைச் செய்த பின்னர் எஞ்சுவதுதான் விதி. கைக்கெட்டும் பட்டியை இழுக்காமல் விட்டுவிட்டு அதை விதியின் பெயரில் எழுதுவது பொய்க்கணக்கு.

புதுக்கார் வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுவந்து பூசை செய்து, சில்லின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டுகிறோம். நல்லது. அந்த எலுமிச்சம்பழத்தை வைப்பவர், உள்ளே ஏறியதும் பட்டியை அணியாவிட்டால் வேண்டுதலைப் பாதியில் விட்டவராவார்.

பெற்றோருக்கும் சாரதிகளுக்கும் ஒரு வேண்டுகோள். எல்லோரும் பட்டி அணியும் வரை காரை எடுக்காதீர்கள். ஐந்து பட்டியுள்ள காரில் ஆறாமவரை ஏற்றாதீர்கள். குளிர்காலத்தில் தடித்த மேலங்கியைத் திறந்துவிட்டு, பட்டியை உடலோடு இறுக்கி அணியுங்கள். தோள்பட்டியைக் கக்கத்தின் கீழோ முதுகுக்குப் பின்னாலோ விடாதீர்கள்.

மாணவச் செல்வங்களே, நண்பர் காரில் ஏறும்போது "போடு மச்சான்" என்று முதலில் சொல்பவர் நீங்களாக இருங்கள். நாம் அன்று சொல்லத் தயங்கினோம். இப்போது கோயில் வாசலிலேயே எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறோம். மூக்கில் அடிபட்ட அந்தத் தம்பியும் சில வேளைகளில் எம்முடன் வருவதுண்டு. பின்னாசனத்தில் 'கிளிக்' என்ற சத்தம் முதலில் கேட்பது அவர் பக்கத்திலிருந்துதான்.