தெரியாமல் குளித்த கடல்

முசுகுந்தன் கதை பிள்ளைகளுக்கு எப்பவும் பிடிக்கும். வில்வ மரத்தில் இருந்த குரங்கு விளையாட்டுக்கு இலைகளைப் பிய்த்துப் பிய்த்துக் கீழே போடுகிறது. மரத்தடியில் சிவனும் உமையும் இருப்பது அதற்குத் தெரியாது. போட்ட இலையெல்லாம் அர்ச்சனையாகி, குரங்கு சக்கரவர்த்தியாகப் பிறக்கிறது. தெரியாமலே செய்து சேருகிற இந்தப் பேற்றைச் சைவ சித்தாந்திகள் அபுத்திபூர்வ சிவபுண்ணியம் என்பார்கள். எங்கள் வன்னியில், துணுக்காயில் தரம் ஒன்பதுக்கு இதைப் படிப்பித்தபோது பின்வாங்கிலிருந்து ஒரு பெடியன் எழும்பினான்: "அப்ப ரீச்சர், தெரியாமல் செய்த பாவமும் சேருமோ?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறுமுக நாவலர் வழிவந்த பாடநூல்கள் விதித்ததைச் செய், விலக்கியதை விடு என்று சொல்லும். எது விலக்கியது என்றே தெரியாதவனை என்ன செய்வது?

அந்தக் கேள்விக்கு உடம்பு கிடைத்தது 2018ஆம் ஆண்டு தை மாதம், கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் என் தங்கச்சியால். அவளுக்கு அறுபது வயதென்று பிள்ளைகள் கப்பல் பயணம் ஒன்று ஒழுங்கு செய்திருந்தார்கள். புளோரிடாவில் ஏறி, கரீபியன் கடலைச் சுற்றி, ஏழு நாளில் திரும்புவது. வழியில் ஒருநாள் கப்பல் கம்பனியின் சொந்தக் கடற்கரையில் நிற்குமாம். அங்கே என்னென்ன செய்யலாம் என்ற பட்டியலை வைபரில் எனக்கு அனுப்பியிருந்தாள். கடலுக்கு மேலே கம்பியில் தொங்கிப் பறப்பது, மலைச்சரிவில் வண்டியில் உருளுவது, தண்ணீரில் ஸ்கூட்டர் ஓடுவது, நிழற்கொட்டில் வாடகைக்கு எடுத்துப் படுப்பது, இடத்தின் சரித்திரம் கேட்டுக்கொண்டு நடப்பது. ஒவ்வொன்றுக்கும் டொலரில் விலை. கீழே பகிடியாக ஒரு வரி: "அக்கா, நீங்கள்தானே சமயம் படிப்பிச்சனீங்கள். இதில பாவமில்லாதது எது எண்டு பார்த்துச் சொல்லுங்கோ."

கரையின் பெயர் லபடீ. அது தீவல்ல, ஹெய்ட்டி நாட்டின் வடகரையில் ஒரு முனை. ரோயல் கரீபியன் கம்பனி 1986இலிருந்து அதைக் குத்தகைக்கு வைத்திருக்கிறது. சுற்றிவர வேலி, வேலியில் காவல். அந்நாளில் கப்பலில் வந்தவர்கள் வேலிக்கு வெளியே போகவில்லை. உள்ளூர் ஆட்களில் அங்கே வேலை செய்கிறவர்களும் கைவினைப் பொருள் விற்க அனுமதி பெற்றவர்களும்தான் உள்ளே வர முடிந்தது. கனகாலம் கம்பனி தன் விளம்பரத்தில் ஹெய்ட்டி என்ற பெயரையே காட்டாமல், ஹிஸ்பானியோலா என்ற பெருந்தீவின் பெயரைப் போட்டு வைத்திருந்தது. ஹெய்ட்டி என்றால் வறுமையும் கலவரமும் நினைவுக்கு வரும், ஆள் வராது என்ற கணக்கு.

வேலிக்கு வெளியே என்ன இருக்கிறது? கிட்டத்தில் கப்-ஹெய்ட்டியன் நகரம். அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் 1791 ஆவணியில் கரும்புத் தோட்ட அடிமைகள் காட்டுக்குள் கூடித் தங்கள் தெய்வங்களுக்குப் பூசை செய்துவிட்டுக் கிளர்ந்தெழுந்தார்கள் என்று அந்நாட்டார் நினைவுகூருகிறார்கள். 1804இல் அது சுதந்திர நாடாயிற்று. அடிமைகள் எழுந்து, வென்று, தாங்களே அமைத்த நாடு. இழந்த அடிமைகளுக்கும் தோட்டங்களுக்கும் நட்டஈடாக 15 கோடி பிராங் கட்டு என்று 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல் அனுப்பிக் கேட்டது. அந்தக் கடனை ஹெய்ட்டி தலைமுறை தலைமுறையாகக் கட்டியது. கம்பியில் தொங்கிப் பறக்கிறவருக்கு இதெல்லாம் தெரியவேண்டிய கட்டாயம் இல்லை. தெரியாமல் பார்த்துக்கொள்ளத்தான் வேலி.

2010 தை 12ஆம் தேதி போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரம் நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்தது. மூன்றாம் நாள், 15ஆம் தேதி, அதே கம்பனியின் பெரிய கப்பல் ஒன்று லபடீயில் வந்து நின்றது. தலைநகரில் பிணங்களை எடுத்து முடியவில்லை. நூறு கிலோமீற்றருக்கு மேல் தள்ளி, சேதமில்லாத வடகரையில் ஆட்கள் நீந்தினார்கள், இறைச்சி வாட்டிச் சாப்பிட்டார்கள். உலகம் ஏசியது. கம்பனியிடமும் பதில் இருந்தது: கப்பலில் அரிசியும் அவரையும் பால்மாவும் தண்ணீரும் நிவாரணமாக வந்தன, வருமானத்தை நிவாரணத்துக்குக் கொடுக்கிறோம், அரசே வரச்சொல்லிக் கேட்டது, வராவிட்டால் அங்கே வேலை செய்கிறவன் வீட்டில் உலை ஏறாது. அந்தப் பதிலைப் பொய்யென்று தள்ள என்னால் முடியவில்லை. பயணிகளில் சிலர் மட்டும் இறங்க மனமில்லாமல் கப்பலிலேயே இருந்துவிட்டார்களாம்.

அந்தத் தை மாதம் நாங்கள் துணுக்காயில் தறப்பாள் கொட்டிலில் இருந்தோம். போரால் 2008 ஆவணியில் ஊரை விட்டு ஓடி, அக்கராயன், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று தள்ளுப்பட்டு, கடைசியில் செட்டிகுளம் முகாமிலிருந்து 2009 ஐப்பசியில் திரும்பி வந்தவர்கள். ஹெய்ட்டிச் செய்தியை வானொலியில் கேட்டபோது எனக்குப் பூமி நடுங்கியது பெரிதாகப் படவில்லை. தறப்பாள் போதாது என்று சொன்னார்களே, அதுதான் படக்கென்று பிடிபட்டது.

பிறகு எங்கள் பக்கமும் பஸ்கள் வந்தன. ஏ9 வீதி திறந்ததும் தெற்கிலிருந்து வரிசை வரிசையாக. மாங்குளத்தில் கிழக்கே திரும்பினால் முல்லைத்தீவு, மேற்கே வந்தால் நாங்கள். அவர்களில் எவரும் மேற்கே வரவில்லை. இங்கே குளமும் வயலும்தானே. கிழக்கே போனவர்களுக்கும் ஒரு பட்டியல் இருந்தது. புதுக்குடியிருப்பில் புலிகளின் நிலக்கீழ் வீடு. கடற்புலிகள் பழகிய நீச்சல் குளம். 2006 மார்கழியில் கரைதட்டிய ஜோர்தான் நாட்டுக் கப்பல் ஃபாரா-3, துருப்பிடித்தபடி, போர் முடிந்த முள்ளிவாய்க்கால் கரையில். நிலக்கீழ் வீட்டை 2013 ஐப்பசியில் இராணுவமே வெடிவைத்துத் தகர்த்தது. அதுவரை வரிசையில் நின்று பார்த்தார்கள். அந்த மணலில் எங்கள் ஆட்களின் உடுப்பும் பாத்திரமும் பிள்ளைகளின் கொப்பியும் அப்போதும் கிடந்தன.

மாங்குளம் சந்தியில் நான் பஸ்ஸுக்கு நின்ற ஒரு காலை, அப்படி வந்த கூட்டத்தில் ஒரு ஆச்சி எனக்குப் பக்கத்தில் வந்து குந்தினாள். வெள்ளைச் சீலை, பாதத்தில் பித்தவெடிப்பு, கையில் மடித்த கடதாசிக்குள் பாண். பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினாள். முகாமில் பொறுக்கிய சிங்களத்தில் எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். "மூத பலன்ன" என்றாள். கடல் பார்க்க. மலைநாட்டுப் பக்கமாம், அந்த வயதுக்கு இன்னும் ஒருதரமும் கடல் காணவில்லையாம். முதன்முதலாகக் காணப்போவது முள்ளிவாய்க்கால் கடல். நான் பாணை வாங்கித் தின்றேன். அவளிடம் என்ன சொல்லலாம்? சொல்லுமளவுக்கு எனக்குச் சிங்களம் வராது. வந்திருந்தாலும் அன்றைக்குச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கவில்லை.

அந்த ஆச்சியை வைத்துத்தான் இந்தக் கேள்வியை யோசித்துப் பழகினேன். பௌத்தம் அவளை விட்டுவிடும். மனத்தின் நாட்டமே கன்மம் என்பது அவர்கள் கொள்கை. கடல் பார்க்கும் ஆசையில் கொலையில்லை. ஆனால் எங்கள் தமிழில் இதற்கு மறுப்பும் பழையது. தின்கிறவன் இல்லாவிட்டால் ஊன் விற்கிறவனும் இருக்கமாட்டான் என்று புலான்மறுத்தலில் வள்ளுவர் சொல்லிவிட்டார். கொன்றது நானில்லை, வாங்கியது மட்டும்தான் என்ற சமாதானம் அங்கே அடிபட்டுப் போகிறது. நீச்சல் குளம் பார்க்க ஆள் வருவதால்தான் நீச்சல் குளத்துக்குப் பலகை நடுகிறார்கள். கம்பியில் பறக்கக் காசு கட்டுவதால்தான் வேலியும் நிற்கிறது.

சைவம் இந்த இரண்டிலும் நிற்கவில்லை என்பது என் எண்ணம். இன்பம் நுகர்வதை அது குற்றமாக்கவில்லை. தனு, கரணம், புவனம், போகம் நான்கையும் இறைவன் உயிருக்குக் கொடுத்ததே வினையை அனுபவித்துத் தீர்ப்பதற்காக. உடம்பு தந்தவனே அனுபவிக்கிற இடத்தையும் தந்தான். அந்த அளவில் தங்கச்சியின் பட்டியலில் உள்ள எல்லாமே போகம்; பறப்பதும் சரி, படுப்பதும் சரி. மனுசி முப்பது வருசம் தொழிற்சாலையில் நின்று கால் வீங்கினவள், ஒருநாள் கடலில் காலை வைத்தால் என்ன குறை? இன்பத்தைக் கண்டாலே முகம் சுளிக்கிற சமயக்காரரோடு எனக்கு ஒத்துவராது.

ஆனால் அறியாமையை வெறும் இல்லாமையாகச் சித்தாந்தம் எடுத்துக்கொள்வதில்லை. தெரியாமை ஒரு பொருள், ஆணவம் என்பது அதன் பெயர், மும்மலத்தில் மூத்தது, செம்பில் களிம்பு போல உயிரோடு கூடவே கிடப்பது. எனவே "எனக்குத் தெரியாது" என்பதை எங்கள் சமயத்தில் சாட்டாகச் சொல்ல முடியாது. அதுதான் வியாதியே. அதற்காகத் தெரியாதவனைத் தண்டிக்கவும் சொல்லவில்லை, தெரியவைக்கச் சொல்கிறது. போகமும் அந்த வேலைக்குத்தான். ஒரு கரையில் போகத்தை மட்டும் விட்டுவிட்டு, அதால் வரக்கூடிய அறிவை வேலி போட்டு மறித்தால், அங்கே விலைக்குப் போவது களிம்புதான். பாவத்தின் பெரும்பங்கு வேலி போட்டவன் கணக்கில். வாங்கினவனுக்கும் ஒரு சிறு பங்கு, அதுவும் அவனுக்குத் தெரியவந்த நாளிலிருந்து.

குரங்கின் கதையில் பாடநூல்கள் ஓடிக் கடக்கிற ஒரு இடம் இருக்கிறது. சக்கரவர்த்தியாகப் பிறக்க வரம் கிடைத்தபோது அது இன்னொன்றும் கேட்டது: முகம் மட்டும் குரங்காகவே இருக்கட்டும், வந்த வழியை நான் மறக்கக்கூடாது. தெரியாமல் பெற்றதைத் தெரிந்து வைத்துக்கொள்ள அது கொடுத்த விலை அந்த முகம். முழு நிலா முகத்தோடு பிறந்திருக்கலாம், யார் கேட்கப்போகிறார்கள்?

தங்கச்சிக்கு நான் எழுதியது இவ்வளவுதான்: உன் மனுசனுக்குப் பறக்க ஆசையென்றால் பறக்கட்டும், நீ சரித்திர நடைக்குப் போ, கடைக்காரரிடம் பேரம் பேசாதே. அவள் நடந்தாள். வழிகாட்டி கடற்கொள்ளையரைப் பற்றியும் பழைய கோட்டைச் சுவரைப் பற்றியும் சொன்னானாம். அடிமைகளைப் பற்றி இரண்டு வசனம். மரத்தில் செதுக்கிய ஆமை ஒன்று வாங்கிக்கொண்டு, விற்றவனிடம் எந்த ஊர் என்று கேட்டாளாம். அவன் வேலிக்கு அப்பால் கையைக் காட்டினானாம்.

வன்னியில் நாங்கள் கடலுக்குப் போவது வேறு காரியத்துக்கு. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு முதல், சிலாவத்தைக் கரையில் தீர்த்தம் எடுப்பார்கள். அந்த உப்புத் தண்ணீரில் முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் விளக்கு எரியும். பிறகு வற்றாப்பளைக்குப் போகும். துணுக்காயிலிருந்து லொறி பிடித்துப் போவோம். தண்ணீர் எடுக்கிறவரைத் தவிர மற்றவர்கள் கரையில் நின்று கும்பிடுவோம், பிள்ளைகள் அலையில் நனைவார்கள், அவ்வளவுதான். 2009க்குப் பிறகு அதே மாதத்தில், போரில் செத்தவர்களை நினைந்து முள்ளிவாய்க்காலில் கஞ்சியும் காய்ச்சுகிறோம். ஒரு கரையில் நேர்த்தியும் துக்கமும் பிள்ளையின் விளையாட்டும் ஒன்றாக இருக்க முடியும் என்று அங்கே நிற்கிற எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2023 ஆனி 16ஆம் தேதி காங்கேசன்துறைக்கும் உல்லாசக் கப்பல் வந்தது. சென்னையிலிருந்து கோர்டெலியா கம்பனியின் எம்பிரஸ். வேடிக்கை என்னவென்றால் அது 1990இல் ரோயல் கரீபியனுக்காகக் கட்டிய கப்பல். முதற்பெயர் நோர்டிக் எம்பிரஸ். இப்போது பட்டியல் போடுகிற முறை எங்களுடையது. அங்கிருந்து கிட்டத்தில் கீரிமலை. கீரிமுகம் கொண்ட நகுலமுனிவரும் குதிரைமுகம் கொண்ட மாருதப்புரவீகவல்லியும் நீராடி முகம் மாறிய கேணி. இறங்குதுறைப் பக்கமாகவே இராணுவம் நடத்தும் தல்செவன விடுதியும் இருக்கிறது. சுற்றிவர வலிகாமம் வடக்கு, 1990இல் சனம் எழும்பிப் போய், இன்னும் பலருக்குக் காணி திரும்பாத பிரதேசம்.

அந்த ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்குத் தங்கச்சியின் மகன் குடும்பத்தோடு வந்தான். கடற்கரை, நீச்சல் தடாகம், மலிந்த விலை என்று இணையத்தில் பார்த்து அந்த விடுதியில்தான் இரண்டு இரவு பதிந்திருந்தான். முதலில் துணுக்காய்க்கு வந்தார்கள். சோறு போட்டுவிட்டு நடந்ததைச் சொன்னேன், யாருடைய ஊர், எந்த ஆண்டு, எப்போது விடுதி வந்தது என்று. அவன் கையைக் கழுவாமல் இருந்தான். "இப்ப என்ன செய்யட்டும் பெரியம்மா? காசு கட்டியாச்சு. பிள்ளை கடல் கடல் எண்டு நிக்கிறாள்."

"போ. பிள்ளையைக் கடலில விடு. அவளுக்கு இப்ப ஒண்டும் சொல்லவேண்டாம். நீ மட்டும் அங்க நிக்கிறவனிட்ட ஒருக்கால் கேள், இது யாற்ற காணி எண்டு."

கேட்டானாம். மேசையில் இருந்தது இருபது வயது மதிக்கத்தக்க இராணுவப் பெடியன். தனக்குத் தெரியாது என்று சொல்லி, உள்ளே போய் மூத்தவர் ஒருவரைக் கேட்டுவிட்டு வந்து, அவருக்கும் தெரியாதாம் என்றானாம். பிறகு மெல்லக் கேட்டானாம்: "சேர், உங்கட காணியா?"

இல்லை என்று பெறாமகன் சொன்னான். இரண்டாம் இரவு அவன் அங்கே தங்கவில்லை. காசு திரும்பி வரவுமில்லை. பிள்ளை கீரிமலைக் கேணியைக் கண்டதும் இதில் ஏன் அலை இல்லை என்று அழுததாம்.