கேட்டவன் பட்ட கடன்

எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில் ஒரு டீக்கடை இருக்கிறது. அதை ஒட்டி இருக்கும் செல்போன் கடை, நான் சின்னப் பையனாக இருந்தபோது கேசட் கடை. ஒரு தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதிக் கொடுத்தால் 60 நிமிசக் கேசட்டிலோ 90 நிமிசக் கேசட்டிலோ பதிந்து தருவார்கள். கடை மாறிவிட்டது. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பாட்டைப் பற்றிப் பேசுகிற கும்பல் மட்டும் மாறவில்லை. ராஜாவா ரகுமானா, எம்.எஸ்.வி.க்கு முன்னால் இவங்க எம்மாத்திரம், அந்தப் பாட்டில் புல்லாங்குழல் எந்த இடத்தில் நுழைகிறது என்று ராத்திரி கடை சாத்துகிற வரைக்கும் பேச்சு ஓடும். ஊர்த்தெருவிலிருந்தும் வருவார்கள், காலனியிலிருந்தும் நாங்கள் போவோம். ஒரே பெஞ்சில்தான் உட்காருவோம். எங்கள் அப்பா காலத்தில் இதே கடையில் எங்களுக்குத் தனி கிளாஸ். அதனால் இந்தப் பெஞ்சை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. பாட்டுதான் எங்களை ஒன்றாக உட்கார வைத்தது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் ஒரு பையன் தன் செல்போனில் புதுப்பாட்டு ஒன்றைப் போட்டான். தொடக்கத்திலேயே பறை அதிர்ந்தது. பெஞ்சில் இருந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "நிப்பாட்டுடா. பாட்டா இது? சாவு மோளம் மாதிரி இருக்குது" என்றார். பெஞ்சே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சிரித்த பிறகுதான் உறைத்தது. இந்த ஊர்த்தெருவில் விழுந்த சாவுக்கெல்லாம் நாற்பது வருசம் பறை அடித்தவர் என் பெரியப்பா. "சார், சாவு மோளம்னா அது எங்க பெரியப்பா சார்" என்றேன். அவர் பதறிப்போனார். "ஐயையோ, உன்ன நெனச்சி சொல்லல தம்பி. இசைக்கு ஏதுப்பா சாதி? ராஜாவ சாமியா கும்புடறவன் நானு."

அவர் நல்ல மனுசர். நான் எம்.ஏ. தமிழ் சேரும்போது விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவர். அவர் அன்றைக்குப் பொய் சொல்லவில்லை. மனதார நம்பித்தான் சொன்னார். அதனால்தான் அந்த வாக்கியத்தைச் சும்மா விட முடியவில்லை. இசைக்குச் சாதி இல்லை என்பது உண்மையா? உண்மை என்றால், யாருக்கு உண்மை?

ஒலிக்குச் சாதி இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. காற்று அதிர்கிறது, காதுச் சவ்வு அதிர்கிறது. எந்தத் தெருக் காது என்று அது கேட்பதில்லை. ஆனால் அந்த ஒலியை எழுப்புகிற கைக்கு ஒரு தெரு இருக்கிறது. அந்தக் கை எந்த வாசல் வரைக்கும் போகலாம், கூலியை எப்படி வாங்க வேண்டும் என்று முறை இருக்கிறது. ஒலியைப் பற்றிய உண்மையைச் சொல்லிவிட்டு, கையைப் பற்றிய உண்மையை அதற்குள்ளேயே அமுக்கிவிடுவதுதான் இந்த வாக்கியம் செய்கிற வேலை. இதைச் சொல்லி முடித்ததும் பேச்சு நின்றுபோகிறது. மேற்கொண்டு பேசுகிறவன்தான் சாதி பார்க்கிறவனாக ஆகிப்போகிறான்.

வகுப்பறையிலும் இதையேதான் பார்த்தேன். தொல்காப்பியத்தின் கருப்பொருள் பட்டியலில் தெய்வம், உணவு, மரம், பறவை இவற்றோடு பறையும் வருகிறது. ஒவ்வொரு திணைக்கும் ஒரு பறை. புறநானூற்றில் மாங்குடி கிழார் பாட்டு ஒன்று துடியன், பாணன், பறையன், கடம்பன் என நான்கு குடிகளைச் சொல்கிறது. எங்கள் பேராசிரியர் இதைப் பெருமையோடு நடத்தினார். ஆதித் தமிழன் இசை என்றார். பாடம் முடிந்து வெளியே வந்தால் கல்லூரி விழாவுக்குப் பறை வேண்டாம், "மங்கலமா" ஏதாவது வையுங்கள் என்பார்கள். ஏட்டில் இருக்கும் பறை தமிழரின் பறை. தெருவில் இருக்கும் பறை எங்கள் பறை.

சரி, சபை இசை என்று சொல்கிறார்களே, அதையாவது பார்ப்போம். மிருதங்கத்துக்குப் பலா மரம் வேண்டும். அதோடு பசுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல் வேண்டும். தோலைத் தேர்ந்தெடுத்து, பதமாக்கி, இழுத்துக் கட்டி, சுருதி கூட்டித் தருகிற கைகளில் பெரும்பாலானவை தலித் கைகள். அவர்களில் பலர் கிறித்துவர்கள். டி.எம். கிருஷ்ணா இவர்களைப் பற்றி எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020இல் வந்தது. அதன் வெளியீட்டுக்குக் கலாக்ஷேத்ரா முதலில் அரங்கம் கொடுத்து, பிறகு அனுமதியை ரத்து செய்தது. வேறு அரங்கத்தில்தான் வெளியிட்டார்கள். மிருதங்கத்தின் ஒலி மேடை ஏறலாம். அதைச் செய்தவரின் கதை ஏறுவதற்கு இவ்வளவு தடை. இப்போது சொல்லுங்கள், சாதி இல்லாதது எது?

இது பழைய ஆட்கள் விவகாரம் என்று தள்ளவும் முடியாது. 2021 மார்ச்சில் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தபோது எங்கள் பெஞ்சில் ஊர், காலனி என்று பேதம் இல்லாமல் எல்லோரும் தாளம் போட்டோம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் தலைமுறை பட்ட பாட்டிலிருந்து அறிவு எழுதிய பாட்டு அது. அதே வருசம் ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா. ரஞ்சித் கேள்வி கேட்டார். 2022இல் சென்னைச் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் அந்தப் பாட்டு அறிவு இல்லாமல் ஒலித்தது. அந்தப் பாட்டில் தன் பங்கு என்ன என்று அறிவு எழுதினார். சந்தோஷ் நாராயணனும் தீயும் தங்கள் பக்கத்தைச் சொன்னார்கள். யார் பங்கு எவ்வளவு என்று தீர்ப்புச் சொல்ல நான் இதை எழுதவில்லை. எங்கள் பெஞ்சில் நடந்ததைச் சொல்கிறேன். "பாட்டு நல்லா இருக்கு, கேட்டமா போனமான்னு இல்லாம எதுக்குப்பா இந்தச் சண்டை?" என்றார்கள். சண்டை வந்ததால் பாட்டைக் கேட்கிற சுகம் கெட்டுவிட்டதாம். எழுதியவனின் பெயர் என்ன ஆகிறது என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை, தங்கள் சுகம் கெட்டதுதான் உறைத்தது.

இதற்கு ஆசிரியர் ஒரு நியாயம் வைத்திருந்தார். "எல்லாத்துக்கும் கணக்குப் பாத்தா பாட்டே கேக்க முடியாது தம்பி. சோறு திங்கும்போது நாத்து நட்டவ யாருன்னா கேக்கறோம்?" நல்ல கேள்விதான். பஸ்ஸில் காதில் விழுகிற பாட்டுக்கெல்லாம் யாரும் விசாரணை நடத்த முடியாது. ஆனால், "சோற்றுக்குச் சாதி இல்லை, ஆகவே நாற்று நட்டவள் கூலியைப் பற்றிப் பேசாதே" என்று ஒருவன் சொன்னால் விடுவோமா? கேட்காமல் இருப்பது ஒன்று, கேட்கிறவன் வாயை அடைப்பது வேறு. பாட்டைக் கேட்டவன் ஒரு கடன் பட்டிருக்கிறான் என்று நினைக்கிறேன். பெரிய கடன் ஒன்றுமில்லை. செய்தவனுக்குப் பெயர், கூலி, மேடையில் இடம். இந்த மூன்றைப் பற்றிப் பேச்சு வரும்போது கடன்காரனாக உட்கார்ந்து கேட்க வேண்டும்.

இதுவரைக்கும் ஊர்த்தெருவைப் பேசினேன். இனி நம்மைப் பேச வேண்டும்.

பெஞ்சில் ராஜா பேச்சு வந்தால் காலனிப் பிள்ளைகளுக்கு மார்பு விரியும். "நம்மாளு" என்போம். பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடித் திரிந்தவர், 1976இல் 'அன்னக்கிளி'யோடு வந்தவர், 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் இசைக்குழு வாசிக்கத் தன் சிம்பொனியை அரங்கேற்றியவர். பெருமைப்படாமல் எப்படி இருப்போம்? ஆனால் 2022 ஏப்ரலில் ஒரு நூலின் முன்னுரையில் அம்பேத்கரையும் மோடியையும் ஒப்பிட்டு அவர் எழுதியதும், அதே வாயால் "துரோகி" என்றோம். எழுதியதைக் கண்டிக்கலாம், நானும் கண்டித்தேன். ஒரு குடிமகன் எழுதியதை இன்னொரு குடிமகன் கண்டிப்பது அது. "நம்ம பொறப்புல பொறந்துட்டு இப்படி எழுதலாமா" என்று கேட்பது அது இல்லை. அது அவரை நம் வீட்டுச் சொத்தாக நினைத்துக் கேட்பது.

2024 டிசம்பரில் திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் அர்த்த மண்டபத்திலிருந்து அவரை வெளியே நிற்கச் சொன்ன செய்தி வந்தது. அங்கே அர்ச்சகர்கள் போன்றவர்களுக்கு மட்டுமே அனுமதி என்றது கோயில் தரப்பு. எங்களுக்கு ரத்தம் கொதித்தது. அவரோ, நான் சுயமரியாதையை விட்டுக் கொடுக்கிறவன் இல்லை, வதந்தியை நம்பாதீர்கள் என்று அறிவித்துவிட்டார். பெஞ்சில் எங்கள் பையன்களுக்கு முகம் செத்துப்போனது. அவமானப்பட்டதாக அவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்தோம். ஏன் எதிர்பார்த்தோம்? கருவறை வாசலில் யார் எங்கே நிற்பது என்பது நம் எல்லோருடைய கேள்வி. அதை அவர் பேர் இல்லாமலே கேட்க முடியும், கேட்கவும் வேண்டும். அதற்கு அவர் காயத்தைச் சாட்சியாகக் கடன் கேட்க நமக்கு உரிமை இருக்கிறதா? தன்னை எந்தச் சாதிப் பெயரிலும் நிறுத்திக்கொள்ளாமல் இசை என்று மட்டும் நிற்கிற ஒருவரை, நிறுத்தித்தான் தீருவேன் என்று நான் இழுத்தால் அதுவும் ஒரு கட்டாயம்தான். பாட்டைக் கேட்டதால் நான் கடன்காரன். உடைமைக்காரன் இல்லை.

இதை எனக்குப் புரிய வைத்தவன் பெரியப்பா மகன். பெரியப்பா செத்த பிறகு அவன் பறையைத் தொடவில்லை. கட்டட வேலைக்குப் போகிறான். நாங்கள் இயக்கத்தில் பறையை விடுதலைக் கருவி என்று சொல்லி மேடை ஏற்றுகிறவர்கள். தொண்ணூறுகளிலிருந்தே தலித் கலை விழாக்களில் அது பெருமையோடு ஒலிக்கிறது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவன் எங்கள் குழுவில் அடிக்கவும் வர மறுத்தான். "கலைடா இது" என்றேன். "ஒனக்குக் கலை. எனக்கு எங்கப்பன் பொணத்துக்கு முன்னாடி குடிச்சிட்டு நின்னது" என்றான். போன வருசம் அந்த ஆசிரியரின் அண்ணன் இறந்துபோனார். அவனிடம் பேசி அடிக்கச் சொல்லுமாறு ஆசிரியரே என்னிடம் கேட்டார். சாவு மோளம் பாட்டுக்கு ஆகாது, சாவுக்கு வேண்டும். போய்ச் சொன்னேன். "ரசிக்கிறவங்க வந்து அடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனான். நான் செய்தது தப்பு, கேட்டிருக்கவே கூடாது. பறையை உயர்த்திப் பிடிக்கிறவன், அதைக் கீழே போட்டவனுடைய உரிமையையும் சேர்த்துத்தான் உயர்த்திப் பிடிக்க வேண்டும்.

கடைசியாக என் கடன் ஒன்று இருக்கிறது. எம்.ஏ. படிக்கும்போது ஒப்பாரிப் பாட்டுகளைத் தொகுத்து ஆய்வேடு எழுதினேன். பாதிக்கு மேல் என் ஆயா பாடியது. ராத்திரி வேலை முடிந்து வந்து, கால் நீட்டி உட்கார்ந்து, செத்துப்போன தன் பிள்ளைகளை நினைத்துப் பாடும். நான் பதிந்துகொள்வேன். ஆய்வேட்டின் முகப்பில் என் பெயர், நெறியாளர் பெயர். பின்னிணைப்பில் ஆயா "தகவலாளர் எண் 4", வயது 72, கல்வி இல்லை. "எம்பேரு போட்டியா கண்ணு?" என்று ஒரு தடவை கேட்டது. "போட்டிருக்கேன் ஆயா" என்றேன். எழுத்துத் தெரியாத கிழவி, எங்கே பார்க்கப்போகிறது என்ற தைரியம். அந்தப் பாட்டுகளை வைத்து நான் கூட்டங்களில் பேசிக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறேன். அந்தப் பெஞ்சில் ஆசிரியரைப் பார்த்து, "எங்க பெரியப்பா சார்" என்று கேட்ட அதே வாய்தான் இதுவும்.

ஆயா போய்ச் சேர்ந்துவிட்டது. போன மாதம் அந்தக் கல்லூரி நூலகத்துக்குப் போய், முகப்பில் ஒரு பெயர் சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். சமர்ப்பித்த ஆய்வேட்டில் கை வைக்க விதி இல்லை என்றார்கள். விதி இருக்கலாம். ஆயாவின் பெயரை இந்தக் கட்டுரையில் எழுதிக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம் என்றுகூடத் தோன்றியது. எழுதவில்லை. இதிலும் மேலே இருக்கப்போவது என் பெயர்தான். அது இருக்க வேண்டிய இடம் அந்த ஆய்வேட்டின் முதல் பக்கம். மறுபடியும் எழுதிக் கேட்டிருக்கிறேன்.

பெஞ்சுக்கு இன்னும் போகிறேன். ஆசிரியரும் வருகிறார். பாட்டைப் பற்றிப் பேசுகிறோம். யாராவது "இசைக்குச் சாதி இல்லை" என்று தொடங்கினால், "இருக்கக் கூடாதுன்னு சொல்லுங்க சார், ஒத்துக்கறேன்" என்கிறேன். சில நாள் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. சில நாள் அதற்கு மேலும் நடக்கிறது.